துணியோடு நடந்தவர்

எங்கள் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு டீ வந்தால் அது நல்ல சேதி இல்லை. காலையிலும் மாலையிலும் எல்லோருக்கும் வரும் டீ வேறு. அதற்கு நடுவில், கீழே டீக்கடை வைத்திருந்த அம்மா ஒரே ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு மாடி ஏறி வந்து, யாராவது ஒருவர் மேசையில் வைத்துவிட்டுப் போனால், அந்த ஆள் எழுதிய புரோகிராமில் ஓட்டை பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அனுப்பியவர், எங்கள் புரோகிராம்களைச் சோதிக்கிற டெஸ்டிங்கக்கா. ஓட்டை சின்னது என்றால் வெறும் டீ. பெரியது என்றால் கூடவே தேங்காய் பன்னும் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விவரம் தெரியாமல், எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்து பன்னை ஆசையாகத் தின்றுகொண்டிருந்தேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் என்னைத் துக்க வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

பன் முடிந்ததும் அக்கா வந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "சிக்கிருச்சுங் தம்பி" என்றார். கல்யாணம் நிச்சயமான வீட்டில் பேசுகிற குரல் அது. என் தவறை என்னிடம் அத்தனை சந்தோஷமாகச் சொன்னவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. எழுதினால், "எழுதறதுக்கு முன்னால என்றகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா" என்று போன் வரும். அந்தப் போனில் சொன்னது எனக்குப் புரிந்ததா என்று தெரிந்துகொள்ள இன்னொரு போனும் வரும். எதற்கு வம்பு.

திருப்பூர் அவிநாசி ரோட்டில், பட்டனும் ஜிப்பும் விற்கிற ஒரு கடைக்கு மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். நூல் வாங்குவது, துணியாக ஓட்டுவது, சாயம் போடுவது, வெட்டுவது, தைப்பது, பேக்கிங் செய்து கப்பலுக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு புரோகிராம். ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் எழுதினோம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சமத்துப் பிள்ளைகள். ஒரே அறையில் அடைத்தால் ஒன்றின் மண்டையை ஒன்று உடைத்துக்கொள்ளும். சேர்த்து வைத்தால் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. இன்டக்ரேஷன் டெஸ்டர் என்று அவருடைய கார்டில் போட்டிருக்கும். ஊரில் யாருக்கும் அது விளங்காது.

பெருமாநல்லூர் பக்கம் அவருக்கு ஊர். ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், கூடுகிற இடத்தில் என்ன வேலை என்று கேட்பார்கள், டெஸ்டிங் என்பார். திருப்பூரில் டெஸ்டிங் என்றால் துணியைத் துவைத்துச் சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்ப்பது. "எந்த லேப்புலீங்க?" என்பார்கள். லேப் இல்லை, கம்ப்யூட்டர் என்றால், "கம்ப்யூட்டரு சுருங்குமுங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. பெரியவர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், விரலை நீட்டி, "எனக்குச் சக்கர எவ்வளவு இருக்குதுன்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்றிருக்கிறார். அக்கா அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சக்கர இருக்குதுங் சாமி, பந்தியில ரெண்டாவது ஜிலேபி வெக்கறப்ப வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாராம். அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை இது.

ஒல்லியான உடம்பு, கடகடவென்ற நடை. சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். அது ஏன் என்று பிறகு தெரிந்தது.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்வோம். 'அனுப்பியாச்சு' என்ற சொல்லை அவர் நம்பவே மாட்டார். எதை யார் அனுப்பினாலும், "சேந்துச்சுங்களா?" என்பார். மெசேஜ் அனுப்பிவிட்டு, அது வந்ததா என்று போன் போட்டுக் கேட்பார். கூரியர் அனுப்பினால், கூரியர் ஆபீஸில் கேட்க மாட்டார், வாங்க வேண்டியவர் வீட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வார். எம்.டி. ஒருமுறை "சொன்னன்ல, உட்டாச்சுன்னு" என்று சலித்துக்கொண்டதற்கு, "நீங்க உட்டது எனக்குத் தெரியுமுங்க. அவங்க புடிச்சாங்களான்னுதானுங்க கேட்டேன்" என்றார். எங்கள் எம்.டி. நூல் ஏஜென்டாக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். நல்லவர், ஆனால் பதற்றக்காரர். அக்காவிடம் பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஒரு தடவை எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு அவிநாசியில் கல்யாணம். நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பார் ஆனதும் ரசத்துக்காகக் காத்திருக்கிறோம். அக்காவின் இலையில் ரசம் விழுந்துவிட்டது. அவர் சாப்பிடாமல் எட்டி எட்டி ஹாலின் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சமையற்கட்டுக்குப் போய், "கடைசி வரிசை வரைக்கும் ரசம் போச்சுங்களா?" என்று கேட்டார். "நாலு வாளி அனுப்பியாச்சுங்க" என்றார் சமையல்காரர். "வாளி போனதக் கேக்கலீங்க. கடைசி எலைக்கு வந்துச்சுங்களா?" வரவில்லை. நடுவில் இரண்டு வரிசைக்காரர்கள் டம்ளரில் வேறு வாங்கிக் குடித்துவிட்டார்கள். மூலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் குடும்பம் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்துபோகிற கோபத்தில் இருந்தது. மாமன் எழுந்தால் என்ன ஆகும் என்று கல்யாண வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அக்காவே ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து ஆறிய ரசத்தைக் குடித்துக்கொண்டே, "தம்பி, நம்ம வேலயும் இதுதானுங்க. அடுப்பு நல்லாத்தான் எரியுது, எலை நல்லாத்தான் கெடக்குது. நடுவுலதான் எல்லாக் கூத்தும்" என்றார்.

அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன். எங்கள் குடும்பமே வந்து இங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தது. நான் ஒருவன் கம்ப்யூட்டர் படித்தேன். நல்ல புரோகிராமராகி பெங்களூருக்குப் போவது என்ற ஒரே கனவோடு, நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் டெஸ்டிங்குக்குப் போவார்கள் என்பது எங்களிடையே வேதவாக்கு. அதை அக்காவிடமே ஒருநாள் சொல்லியும்விட்டேன். "ஏன்க்கா, இந்த வேலைல இருந்துக்கிட்டே இருந்தா முன்னேற முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "ரெண்டு பேரு தனித்தனியாச் செஞ்சத ஒண்ணா ஒட்டற வரைக்கும் என்ற வேலைக்குச் சாவில்லீங் தம்பி. நீங்க எழுத எழுத எனக்குச் சோறு" என்றார். அன்று மத்தியானம் எனக்கு ஒரு டீ வந்தது.

அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த சமயத்தில் இங்கே ஆர்டர்கள் குறைந்தன. கம்பெனி வேன்கள் பாதி காலியாக ஓடின. பனியன் கம்பெனிக்கு ஜலதோஷம் வந்தால் எங்களுக்குக் காய்ச்சல் வரும். எம்.டி. கணக்குப் போட ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு, தானாகவே சோதனை செய்கிற ஒரு மென்பொருளை வாங்கி வந்தார். எங்களையெல்லாம் சுற்றி நிற்க வைத்து ஓட்டிக் காட்டினார். ஆள் தொடாமலே மவுஸ் அம்பு நகர்ந்தது, கட்டங்களில் எழுத்து விழுந்தது, ஒவ்வொரு வரியாகப் பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் கை தட்டினோம். அக்காவும் தட்டினார்.

அடுத்த நாள் அக்காவை எம்.டி. தன் அறைக்குக் கூப்பிட்டார். நடுவில் கண்ணாடிக் கதவுதான், அதுவும் சரியாக மூடாது. என் இடம் கதவை ஒட்டி. எனக்கு எல்லாம் கேட்டது.

"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. டெஸ்டிங்குக்கு இனி என்னங்க எதிர்காலம் இருக்குது? மிசினே பாத்துக்குது."

"மிசின் வந்தது ரொம்பச் சந்தோசமுங்க" என்றார் அக்கா. "நேத்துச் சரியா இருந்தது இன்னைக்கும் சரியா இருக்குதான்னு அது பாக்கட்டும். தெனமும் அதையே பாத்து எனக்கும் சலிச்சுப் போச்சுங்க. நேத்து ஆருமே நெனைக்காத ஒண்ணு இருக்குமில்லீங்க, அத நான் தேடறேன்."

"அதுக்குன்னு தனியா ஒரு ஆளு வெச்சுக்க நம்மளால ஆகாதுங்க. இப்பப் புடிச்சிருக்கற பெரிய கம்பெனி வேல முடிஞ்சதும் நீங்க ஃப்ரன்ட் ஆபீசுக்கு மாறிக்குங்க. போன் எடுக்கறது, வர்றவங்கள உக்கார வெக்கறது. மரியாதையான வேலதானுங்க."

சொன்னதும் எம்.டி. கடிகாரத்தைப் பார்த்திருப்பார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அக்கா வெளியே வந்து முகம் கழுவப் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்கு எம்.டி.மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெரிய நியாயவாதி என்பதால் அல்ல. என் புரோகிராமை என்னைவிட அக்கறையாகப் படித்த ஒரே ஆளை, வாசலில் உட்கார்ந்து 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லச் சொல்கிறார்களே என்றுதான். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"வேல முடிஞ்சதும்னுதான தம்பி சொன்னாரு. முடிஞ்சுதா இல்லையான்னு பாத்துச் சொல்றதுதான என்ற வேல?"

அந்தப் பெரிய கம்பெனி பெருமாநல்லூர் ரோட்டில் இருந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் நூல் குடோன் முதல் பேக்கிங் வரை எல்லாம். இந்த மாதிரி ஓர் இடம் எங்கள் மென்பொருளை எடுத்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று எம்.டி. ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துவக்கி வைக்க நாள் பார்த்து, நல்ல நேரம் குறித்து, பூஜைக்கும் ஏற்பாடு ஆனது. திருப்பூரில் புது மிஷின் எது வந்தாலும் பூஜை இல்லாமல் ஓடாது. கம்ப்யூட்டர் மட்டும் என்ன பாவம் செய்தது?

அக்கா எம்.டி.யிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு ஆர்டர் மட்டும், நூலா உள்ள போனதுல இருந்து பொட்டியா வெளிய வர்ற வரைக்கும் நான் கூடவே போய்ப் பாக்கறனுங்க." பூஜைக்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லி எம்.டி. சம்மதித்தார். எங்கே போய் என்ன கிடைக்கப்போகிறது, மிஷின்தான் எல்லாவற்றிலும் பச்சை காட்டிவிட்டதே என்ற தெம்பு அவருக்கு.

கேன்வாஸ் ஷூ எதற்கு என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். மற்ற ஊர் டெஸ்டர்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சோதிப்பார்கள். அக்கா நடப்பார். நூலைத் துணியாக ஓட்டுகிற நிட்டிங் ஹாலில் ஒரு துணி உருளையின் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அந்த எண் கம்பி வழியாகச் சாயப் பட்டறைக்குப் போகும். அக்கா அந்த உருளையை ஏற்றிய தள்ளுவண்டியோடு சாயப் பட்டறைக்கு நடந்து போவார். அங்கே திரையில் வந்து நிற்கிற எண்ணையும் வண்டியில் வந்து நிற்கிற துணியையும் மாறி மாறிப் பார்ப்பார். "நம்பர் கம்பியில போகட்டுங்க, நான் துணியோட போறேன்" என்பார். அந்த ஆர்டரில் ஒரு நிறம் ஊதா. சாயப் பட்டறையில் இருந்து திரும்பியபோது அவர் ஷூவும் ஊதா. அதைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே வெட்டும் இடத்துக்குப் போனார்.

வழியெல்லாம் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று அகப்பட்டன. அலுவலகத்தில் டீயும் போனது. ஆனால் அக்காவின் நாற்காலியைக் காப்பாற்றுகிற அளவுக்கு எதுவும் அகப்படவில்லை. பூஜை அன்றைக்குக் காலையில் மிச்சம் இருந்தது தையலில் இருந்து பேக்கிங்குக்குப் போகிற கடைசிப் பகுதி மட்டும்தான். அது நான் எழுதியது. அதனால் என்னையும் கூட அனுப்பினார்கள். ஓட்டை இருக்கக் கூடாது என்று ஒரு மனம் வேண்டியது. ஒன்றாவது இருக்கட்டும், அக்கா பாவம் என்று இன்னொரு மனம் வேண்டியது. எந்தச் சாமி எந்த மனத்தைக் கேட்டாரோ.

அந்த ஆர்டர் குழந்தைகள் இரவில் போடுகிற உடுப்பு. மேலே ஒரு பனியன், கீழே ஒரு பேன்ட். இரண்டு வயது, நாலு வயது, ஆறு வயது, எட்டு வயது என்று நாலு அளவு. தையல் ஹாலில் சூப்பர்வைசர் இரண்டு உடுப்புகளை எடுத்து நீட்டினார். உள்ளூர்க்காரர், சுறுசுறுப்பான மனிதர். "ரெண்டு செட்டு முடிஞ்சுதுங்க" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் 'செட்' என்ற கட்டத்தில் இரண்டு என்று அடித்தார். அக்கா உடுப்புகளைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். முற்றத்தைத் தாண்டி நாங்கள் பேக்கிங் ஹாலுக்கு நடந்தோம். எதிர்ப்புறம் அலுவலக அறையில் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. பூஜை ஆரம்பித்துவிட்டது.

பேக்கிங் இன்சார்ஜ் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திரையைப் பார்த்தார். 'செட்' என்ற கட்டத்தில் இரண்டு என்று இருந்தது. போன எண் வந்துவிட்டது. எனக்கு மூச்சு வந்தது, பாவம் அக்கா என்றும் தோன்றியது. இன்சார்ஜ் அக்காவின் கையிலிருந்த உடுப்புகளை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு அக்காவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மிச்சத்த எங்க வச்சிட்டு வந்திய?"

"மிச்சமுங்களா?" என்றார் அக்கா.

"ரெண்டு செட்டுன்னுல்லா போட்டிருக்கு. நீங்க ரெண்டு உடுப்புதான தந்திருக்கிய. ரெண்டு செட்டுன்னா எட்டு வேணும்லா?"

அக்கா உடுப்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்த முகத்தில் சிரிப்பு பரவியதைப் பார்க்க வேண்டுமே. "செட்டுன்னா எத்தனைங்க?" என்று கேட்டார்.

"இதென்ன கேள்வி? நாலு அளவும் ஒண்ணொண்ணு சேந்தா ஒரு செட்டு. ஒரு பையில போட்டுக் கட்டுவோம்."

தைக்கிறவர்களுக்குப் பனியனும் பேன்ட்டும் சேர்ந்தால் ஒரு செட். ஒரு குழந்தை போட்டுக்கொள்ளும். பேக்கிங்காரர்களுக்கு நாலு அளவும் சேர்ந்தால் ஒரு செட். நாலு குழந்தைகள் போட்டுக்கொள்ளும். தையல் திரையிலும் 'செட்' என்று ஒரு கட்டம், பேக்கிங் திரையிலும் 'செட்' என்று ஒரு கட்டம். பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டையும் நான் கோத்துவிட்டேன். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்த கதை. அலுவலகத்தில் சாதாரண டீ-ஷர்ட்டை வைத்தே ஓட்டிப் பார்த்ததால் அங்கே செட் என்ற பேச்சே எழவில்லை. இப்படியே துவக்கியிருந்தால், கால்வாசி உடுப்பு தைத்து முடிந்ததுமே ஆர்டர் முடிந்தது என்று கம்ப்யூட்டர் மூடிவிடும். சரக்கு தயார் என்று வெளிநாட்டுக்குச் செய்தி போகும். கப்பலில் இடம் பிடித்த பிறகு பெட்டிக்குள் போட உடுப்பு இருக்காது.

"சிக்கிருச்சுங் தம்பி" என்றார் அக்கா. முற்றம் முழுக்கக் கேட்டிருக்கும். என் பிழைதான், ஆனாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அவர் இன்சார்ஜைக் கையோடு கூட்டிக்கொண்டார். போகிற வழியில் தையல் சூப்பர்வைசரையும் கூப்பிட்டுக்கொண்டார். நாலு பேரும் அலுவலக அறைக்குள் நுழைந்தபோது, கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. ஐயர் சூடத்தை ஏற்றிவிட்டார். வெள்ளை வேட்டி சட்டையில் கம்பெனி முதலாளி கைகூப்பி நின்றார். எம்.டி. பட்டுச் சட்டையில், பொத்தானை அமுக்க ஒரு விரலை நீட்டியபடி நின்றார்.

"சித்த நில்லுங்க" என்றார் அக்கா.

எம்.டி.க்கு முகம் வெளுத்தது. "நல்ல நேரம் போயிருமுங்க அம்மிணி."

"நேரம் நல்லாத்தானுங்க இருக்குது. நம்பர்தான் நல்லால்லீங்க."

"மிசின் பச்சை காட்டிருச்சேங்க. அங்கிருந்து போன நம்பரும் இங்க வந்த நம்பரும் ஒண்ணுதானுங்களே."

"நம்பர் ஒண்ணுதானுங்க. சாமான் ஒண்ணில்லீங்க" என்ற அக்கா, இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தினார். "ஒரு செட்டுன்னா எத்தன குழந்தைக்குங்க? ரெண்டு பேரும் சொல்லுங்க."

"ஒரு குழந்தைக்குங்க" என்றார் சூப்பர்வைசர்.

"நாலு பிள்ளையளுக்கு" என்றார் இன்சார்ஜ், அதே மூச்சில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னுங் நாலு? மேல ஒண்ணு கீழ ஒண்ணு, அதானுங்க செட்டு" என்றார் அவர். "அது ஜோடிலா. செட்டுன்னா செட்டுதான்" என்றார் இவர். சூடம் எரிந்துகொண்டிருக்க, சாமிக்கு முன்னால் செட்டுக்கு வழக்கு நடந்தது. முதலாளி கைகூப்பியதை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஏப்பா, இத்தன வருசமா ஒரே காம்பவுண்டுல வேல செய்யறீங்க. உங்களுக்குள்ள இது தெரியாதா?" என்றார்.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "இத்தன நாளாத் துணியக் கையில குடுப்பமுங்க. அவங்க பாத்து எண்ணிக்குவாங்க. வாயில என்ன சொன்னோம்னு ஆரு கவனிச்சா?"

அதுதான் விஷயம். இதுவரை சொல்லோடு துணியும் போனது. இனிமேல் சொல் மட்டும் தனியாகப் போகும். எனக்கு அந்த இடத்தில்தான் மூளையில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர்கள் எத்தனை வந்தாலும், அவை எவ்வளவு வேகமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டாலும், இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா என்று நடந்து போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கா எதிர்காலம் இல்லை? இனிமேல்தான் அவர்களுடைய காலமே.

முதலாளி அக்காவை மேலும் கீழும் பார்த்தார். ஊதா ஷூவில் பார்வை கொஞ்சம் நின்றது. எம்.டி. பக்கம் திரும்பி, "ஆருங்க இந்த அம்மிணி?" என்று கேட்டார்.

எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். ஃப்ரன்ட் ஆபீசுக்கு மாற்றப் போகிற ஆள் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? ஏஜென்டாக இருந்தவருக்கு வாய்ச் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை.

"நம்ம டெஸ்டிங் டிபார்ட்மென்ட் ஹெட்டுங்க" என்றார்.

அப்படி ஒரு டிபார்ட்மென்ட் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். அக்காவுக்கும் அன்றுதான் தெரியும். ஆனால் அவர் முகத்தில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை, பிறந்ததிலிருந்தே ஹெட்டாக இருந்தவர்போல முதலாளிக்கு வணக்கம் வைத்தார்.

"அதானுங்க பாத்தேன்" என்றார் முதலாளி. "செரி, இவங்க ஆகட்டும்னு சொன்னப்பறம் ஆரம்பிச்சுக்கலாம். நாளுக்கு என்ன பஞ்சமுங்க? ஐயரே, சூடத்தச் சாமிக்கு மட்டும் காட்டுங்க. கம்ப்யூட்டருக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

எல்லோரும் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். எம்.டி. இரண்டு தடவை ஒற்றிக்கொண்டார்.

திரும்பும்போது எம்.டி. வேனில் முன்னால் உட்கார்ந்தார். அக்காவும் நானும் பின்னால். அக்கா ஜன்னல் வழியாகக் கம்பெனிகளின் போர்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு சாதாரணமாக, பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோல ஆரம்பித்தார்.

"டிபார்ட்மென்ட்டுக்கு ஆள் எப்பங்க எடுக்கறது?"

எம்.டி. திரும்பவில்லை. "அந்த நேரத்துக்கு வாயில வந்துருச்சுங்க அம்மிணி."

"வந்தது நல்லதாத்தானுங்க வந்துச்சு. நாளைக்கு அந்த மொதலாளி நம்ம ஆபீசுக்கு வந்து, டிபார்ட்மென்ட் எங்கன்னு கேட்டாருன்னு வெய்ங்க. எந்த ரூமுங்க காட்டறது?"

எம்.டி.யின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன பேரு வேணுமுங்க?" என்றார்.

"இப்பத்திக்கு மூணு பேருங்க. நீங்க வாங்கிட்டு வந்த மிசினும் வேணுமுங்க. அதுக்கும் வேல நெறையா வெச்சிருக்கேன்."

"மூணு பேருக்கு இந்த நேரத்துல நான் எங்கீங்க போறது?"

"ரெண்டு பேருக்குப் போனாப் போதுமுங்க. ஒருத்தரு இங்கயே உக்காந்திருக்காரு."

எம்.டி. இப்போதுதான் திரும்பினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங் தம்பி, புரோகிராமர் வேலய உட்டுப்போட்டு டெஸ்டிங்குக்குப் போறீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"போறேன் சார்" என்றேன்.

வேன் அவிநாசி ரோட்டில் திரும்புவதற்குள் எங்கள் டிபார்ட்மென்ட்டில் நாங்கள் இரண்டு பேர் ஆகிவிட்டோம்.